வால் நம் பக்கம்

பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். பளபளவென்று ஒரு ரிமோட் ஹெலிகாப்டர், மூக்கிலிருந்து வால்வரை ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதன் வயிற்றுக்கடியில் பெருக்கல் குறிபோல இரண்டு நீளக் குச்சிகள். நான்கு நுனியிலும் நான்கு பிளாஸ்டிக் பந்துகள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மாதிரி அது புல்லின்மேல் நிற்கும். ஐந்தாறு மீட்டர் பின்னால், கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நிற்பவர் ஐம்பது வயது இன்ஜினீயராகவும் இருக்கலாம். இன்றைக்கு அவருக்குப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. எந்திரத்தைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, பத்து எண்ணும்வரை அங்கேயே நிறுத்தி, உடையாமல் இறக்க வேண்டும்.

ரிமோட் விமானம் ஓட்டிப் பழகியவர்கள்கூட இந்தப் பத்து எண்ணிக்கையில் தடுமாறுவார்கள். விமானத்துக்கு இறக்கை இருக்கிறது. நன்றாகச் சரிசெய்த விமானத்தில் கையை எடுத்தாலும் கொஞ்ச தூரம் தன்பாட்டுக்குப் போகும். ஹெலிகாப்டர் அப்படியில்லை. கவிழ்த்துவைத்த கிண்ணத்தின் தலையில் கோலிக்குண்டை நிறுத்துவது மாதிரி. ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் சரிந்துகொண்டேதான் போகும். முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ், வாலின் திரும்பல் என்று நான்கையும் இரண்டு கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றும் கலையும். மாதிரி ஹெலிகாப்டரின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்தக் கற்றுக்குட்டியின் கட்டைவிரலில் இருந்த பாரத்தை ஒவ்வொன்றாக எந்திரத்தின் தலையில் ஏற்றிய கதையாகவே அது தெரிகிறது. இன்று ஒருவர் மேஜைமேல் பரப்பிவைத்துப் பூட்டுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னால் அப்படி யாரோ ஒருவருடைய அவதி இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய ஹெலிகாப்டர் வந்து, அதைப் பார்த்துச் சின்னது செய்தார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது பாதிக்குமேல் தலைகீழ். பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ 1870இல் முறுக்கிய ரப்பரால் சுற்றும் ஒரு பறக்கும் பொம்மையைச் செய்தார். 1878இல் மில்டன் ரைட் என்ற பாதிரியார் அந்த மாதிரிப் பொம்மை ஒன்றை வாங்கிவந்து தன் இரண்டு பையன்களிடம் கொடுத்தார். பையன்களின் பெயர் வில்பர், ஆர்வில். அந்தப் பொம்மைதான் பறத்தலில் தங்களுக்கு ஆசையைக் கிளப்பியது என்று பிற்பாடு அவர்களே சொன்னார்கள்.

ஆனால் நம் இன்ஜினீயரின் புல்தரைக்கு நேராக வந்து சேரும் பாதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பாவோலி என்ற ஊரின் ஒரு பழைய தானியக் கொட்டகையில் தொடங்குகிறது. ஆர்தர் யங், பிரின்ஸ்டனில் கணிதம் படித்தவர். படிப்பு முடிந்ததும் தத்துவத்தில் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். அதற்குமுன் உலகத்தில் உருப்படியான ஒரு சிக்கலைத் தீர்த்துப் பார்த்துவிடலாமே என்று ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தார். 1920களின் இறுதியிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வருடம் அவர் செய்ததெல்லாம் சிறிய மாதிரிகள்தான். பறக்கவிடுவார், உடையும்; மறுபடி செய்வார், மறுபடி உடையும். ஹெலிகாப்டரின் தலையில் சுற்றும் நீள இறக்கைகள்தான் சுழலி; அதன் ஆட்டம்தான் அவருக்குப் பெரிய எதிரி. கடைசியில் சுழலிக்கு அருகே, இறக்கைகளுக்குக் குறுக்காக, இரண்டு முனையிலும் எடை கட்டிய ஒரு கம்பியைச் சுற்றவிட்டார். சுற்றும் பம்பரம் தன் சாய்வைச் சட்டென்று மாற்றிக்கொள்ளாது அல்லவா? அதே குணம் அந்தக் கம்பிக்கும் உண்டு. உடல் ஆடினாலும் கம்பி ஆடாது. கம்பியோடு இணைந்த இறக்கைகள் உடலை மெல்ல இழுத்து நேராக்கும். யங்கின் மின்சார மாதிரி, மின்கம்பிவழியே கட்டுப்படுத்தப்பட்டு, கொட்டகைக்குள்ளேயே நின்று மிதந்து காட்டியது.

1941இல் அவர் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு பஃபலோவில் இருந்த பெல் விமானக் கம்பெனிக்குப் போனார். கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே கார்டன்வில் என்ற இடத்தில், முன்பு கார் வியாபாரம் நடந்த ஒரு கட்டடத்தில் சிறிய குழுவோடு உட்கார்ந்து முழு அளவு எந்திரத்தைக் கட்டினார். அதன் வாரிசான பெல் 47, 1946 மார்ச் 8ஆம் தேதி பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. கண்ணாடிக் குமிழி முகமும் ஏணிபோன்ற வாலுமாகப் பழைய ஆங்கிலப் படங்களில் வருமே, அதுதான். யங் நினைத்தபடியே பிறகு தத்துவத்துக்குத் திரும்பிவிட்டார். பிரக்ஞையைப் பற்றி ஆராய ஒரு நிறுவனம் தொடங்கினார், ஜோதிடத்தையும் விட்டுவைக்கவில்லை. ஹெலிகாப்டர் அவருக்கு வழியில் வந்த ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

கதையின் இன்னொரு பாதி கலிஃபோர்னியாவில். ஸ்டான்லி ஹில்லர் பள்ளிக்கூடப் பருவத்திலேயே பெட்ரோல் இன்ஜின் வைத்த பொம்மைப் பந்தயக் கார்கள் செய்து விற்றுக் கம்பெனி நடத்திய பையன். 1944இல், பத்தொன்பது வயதில், தானே செய்த ஹெலிகாப்டரைத் தானே ஓட்டிப் பெர்க்லி பல்கலைக்கழக மைதானத்தில் பறந்தார். அவர் பிற்பாடு கண்டுபிடித்த உத்தி யங்கின் கம்பிக்குத் தம்பி முறை. கம்பியின் முனையில் எடைக்குப் பதிலாகச் சின்னச் சின்னத் துடுப்புகளை வைத்தார். விமானி தன் கைப்பிடியால் பெரிய இறக்கைகளை நேராகத் திருப்புவதில்லை, துடுப்புகளைத்தான் திருப்புகிறார். துடுப்புகள் காற்றில் சாய்ந்து, பெரிய சுழலியைத் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு போகின்றன. கை வலிக்காது, ஆட்டமும் அடங்கும். பொம்மை செய்தவர் கண்டுபிடித்த துடுப்பு இருபது வருடம் கழித்துப் பொம்மை உலகத்துக்கே திரும்பிவந்தது.

அந்த இருபது வருடம் ஏன்? ரேடியோவால் விமான மாதிரிகளை இயக்குவது 1930களின் கடைசியிலேயே அமெரிக்காவில் நடந்துவிட்டது. ஹெலிகாப்டர் மாதிரி மட்டும் முரண்டு பிடித்தது. முதல் காரணம் ரேடியோ. பழைய கருவிகளில் பொத்தானை அமுக்கினால் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், விட்டால் நடுவுக்கு வரும். கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று சொல்ல வழியில்லை. ரிமோட்டின் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவே திரும்பும் ரேடியோக்கள் 1960களில்தான் கைக்கு எட்டின. இரண்டாவது காரணம் இன்ஜின். பறக்கும் விமானத்தில் எதிர்க்காற்று இன்ஜினைக் குளிரவைக்கும். ஒரே இடத்தில் மிதக்கும் ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் அடைத்துவைத்த இன்ஜினுக்குத் தனி விசிறி வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது, அது அளவு. பெரிய ஹெலிகாப்டரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதன் குணமும் அதே மாதிரி சுருங்கும் என்று பலர் நம்பினார்கள். நீளமான மூங்கிலை உள்ளங்கையில் நட்டுநிறுத்தக் கொஞ்சம் பழகினால் போதும். அதே கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பார்க்க வேண்டும்! சிறியது சீக்கிரம் விழும், திருத்த நேரம் கொடுக்காது.

இந்த மூன்றையும் சேர்த்துத் தாண்டிக் காட்டியவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1960களின் இறுதியில் மற்றவர்கள் எந்திரம் தரையிலேயே உருண்டு நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் தன் மாதிரிகளில் அந்தத் துடுப்புக் கம்பியைப் பொருத்திப் பொறுமையாகச் சோதித்தார். பெல் நிறுவனத்தின் போர் ஹெலிகாப்டரான ஹூயி கோப்ராவின் உருவில் அவர் செய்த மாதிரி 1970இல் 27 நிமிடத்துக்கும் மேல் விடாமல் பறந்தது, 11.5 கிலோமீட்டர் போனது. நொடிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே ஹூயி கோப்ரா ஒரு பெட்டிக்குள் பாகங்களாக, பூட்டிக்கொள்ளும் படங்களோடு, கடைக்கு வந்தது. ரிமோட் ஹெலிகாப்டர் என்பது ஒரு தொழில்நுட்பச் சாதனை என்ற நிலையிலிருந்து பொழுதுபோக்காக மாறியது அந்தப் பெட்டியில்தான்.

பொழுதுபோக்கு என்றதும் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த முதல் தலைமுறை எந்திரங்களில் இறக்கைகளின் கோணம் மாறாது. மேலே போக வேண்டுமா, இன்ஜினை முடுக்கிச் சுழலியை வேகமாகச் சுற்றவைக்க வேண்டும். இறங்க வேண்டுமா, மெதுவாக்க வேண்டும். கனமான சுழலி சொன்னவுடன் வேகம் பிடிக்குமா? குச்சியைத் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளினால், இரண்டும் சேர்ந்து ஒரே எம்பாக எம்பும். பதறிக் குறைத்தால் பொத்தென்று விழும். அந்தக் காலத்து ஓட்டிகள் எந்திரத்தின் மனதை அரை நொடி முன்பே படித்தாக வேண்டியிருந்தது.

ஷ்லூட்டரே இதைப் புரிந்துகொண்டு 1970களில் ஹெலி-பேபி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அழகான உறை கிடையாது. எலும்புக்கூடு மாதிரி, பழுது பார்க்கத் தோதாக, எல்லாம் வெளியே தெரியும். போர் ஹெலிகாப்டரின் அழகைப் பார்த்து வாங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமையே உடைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. கற்றுக்கொள்பவர் உடைப்பார் என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ப வடிவமைத்த முதல் எந்திரங்களில் ஒன்று என்பதால், இந்தக் கதையில் ஹூயி கோப்ராவைவிட இந்த அழகில்லாத குழந்தைக்குத்தான் பெரிய இடம் கொடுக்கத் தோன்றுகிறது.

ஏறக்குறைய அதே சமயத்தில் நியூரம்பெர்க்கின் கவான் கம்பெனி வெளியிட்ட ஜெட் ரேஞ்சர், பெரிய ஹெலிகாப்டரைப் போலவே இறக்கைகளின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் வசதியோடு வந்தது. ஹெலிக்காரர்கள் பேச்சில் இது ‘கலெக்டிவ் பிட்ச்’. சுழலி ஒரே வேகத்தில் சுற்றும். குச்சியை அசைத்த கணத்தில் இறக்கைகள் காற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ கடிக்கும். அரை நொடிக் காத்திருப்பு போயிற்று. அதன் விலையாக, பூட்டுகிறவருக்குப் புதிதாக ஒரு மேஜை வேலை வந்தது: கோணமானியை இறக்கையில் மாட்டி, குச்சி எங்கே இருந்தால் எத்தனை டிகிரி என்று அளந்து வைப்பது. புதியவருக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு, மிதக்கும்போது ஐந்து ஐந்தரை டிகிரி, உச்சத்தில் ஒன்பது பத்து. கீழே எதிர்க்கோணம் இரண்டு மூன்றுக்குமேல் வேண்டாம். பதற்றத்தில் குச்சியைக் கீழே இழுத்துவிட்டால் எந்திரம் தன்னைத்தானே தரையில் அறைந்துகொள்ளும், அதற்காகத்தான் அந்தக் கஞ்சத்தனம்.

மேஜை வேலைகளில் பார்க்கச் சுவையான ஒன்று எடைச் சமன். எந்திரத்தைத் தூக்கி, துடுப்புக் கம்பி வாலுக்குக் குறுக்காக வருமாறு திருப்பி, அந்தக் கம்பியின் இரு பக்கத்தையும் இரண்டு கை விரல்களில் ஏந்திக்கொள்வார்கள். தராசு முள் மாதிரி முழு எந்திரமும் தொங்கும். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ள வேண்டும். வேறு கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. யங்கின் கம்பியும் ஹில்லரின் துடுப்பும் அந்த நேரத்தில் ஓட்டியின் பத்து விரல்களுக்குள் இருக்கும். அவர்களுடைய பெயரோ அங்கே பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்தது இறக்கைகளின் வரிசை. இரண்டு இறக்கைகளில் ஒன்றின் நுனியில் சிவப்பு நாடா, மற்றதில் நீல நாடா. சுழலியை ஓடவிட்டு, ஒருவர் நல்ல தூரத்தில் குனிந்து, சுற்றும் வட்டத்தைக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பார்ப்பார். இரண்டும் ஒரே தளத்தில் ஓடினால் விளிம்பில் ஒற்றைக் கோடு தெரியும். கோடு இரண்டாகப் பிரிந்தால், மேலே தெரியும் நிறம் எது என்று பார்த்து, அந்த இறக்கையின் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருகி இறக்குவார்கள். இல்லை கீழே இருப்பதை ஏற்றுவார்கள். இதைச் செய்யாமல் பறக்கவிட்டால் எந்திரம் முழுக்க நடுங்கும். கற்றுக்கொள்பவர் அது தன் கையின் நடுக்கம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நல்ல தூரம் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நடுத்தர அளவு எந்திரத்தில் சுழலி நிமிடத்துக்கு 1,600, 1,700 முறை சுற்றும்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பெரிய காயங்களும் உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. பொம்மை என்ற சொல் இங்கே ஆபத்தான சொல்.

மைதானத்தில் இன்னொரு அடையாளம் வாசனை. மின்மோட்டார் வருவதற்கு முந்தைய காலம் முழுக்க இந்த இன்ஜின்கள் குடித்தது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த ஒரு திரவம். அந்த எண்ணெய் பலகாலம் ஆமணக்கெண்ணெய்தான். சூட்டைத் தாங்குவதில் நம் பாட்டிகளின் விளக்கெண்ணெய்க்கு ஈடு அப்போது குறைவு. பறந்து இறங்கிய எந்திரத்தை ஒரு துணியால் நெடுநேரம் துடைத்தால்தான் கையில் பிடிக்க முடியும்.

ஐரோப்பாவில் பிறந்ததைக் கற்றுக்குட்டியின் கைக்கு எட்டவைத்ததில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹிரோஷிமா மாகாணத்தின் ஃபுச்சு நகரில் இருக்கும் ஹிரோபோ, போருக்குப்பின் ஒரு நூற்பாலையாகத் தொடங்கிய கம்பெனி. நூல் நூற்ற இடம் 1980களில் ஷட்டில் என்ற சிறிய ஹெலிகாப்டரை வார்த்துத் தள்ளியது. கியோஷோவின் கான்செப்ட் 30 பின்னாலேயே வந்தது. பிளாஸ்டிக் வார்ப்புப் பாகங்கள், பாதி பூட்டியே வரும் பெட்டி, உடைந்தால் தனியாகக் கிடைக்கும் உதிரிகள். 1990களின் இறுதியில் தைவானின் தண்டர் டைகர் வெளியிட்ட ராப்டர் 30 இதே வழியில் இன்னும் மலிவாக வந்து, உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேருக்கு முதல் எந்திரமாயிற்று.

உதிரிகள் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சாதாரண விழுகையை எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் உயரத்திலிருந்து எந்திரம் பக்கவாட்டாகச் சாய்கிறது. இறக்கை தரையைத் தொடுகிறது, தொட்ட வேகத்தில் வளைந்து தன் வால் குழாயையே வெட்டுகிறது. நடுத்தண்டு வளைகிறது. துடுப்புக் கம்பியும் வளைகிறது; பெரிய பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிருக்கும். எல்லாம் ஒரு நொடிக்குள். கண்ணுக்கு எந்திரம் அப்படியே கிடக்கும். எடுத்துப் பார்த்தால் இரண்டு வாரச் சம்பாத்தியம் போயிருக்கும். அந்தப் பந்து கட்டிய குச்சிகள் வந்தது இதனால்தான். எந்திரம் சாய்ந்தால் குச்சி முட்டுக்கொடுக்கும், பந்து புல்லில் வழுக்கும். இறக்கை தரையைத் தொடாது. எந்தக் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாத, நான்கு பந்தும் இரண்டு கம்பும் ஆன இந்தச் சாதனம் காப்பாற்றிய பணத்துக்குக் கணக்கே இல்லை.

வாலின் கதை தனி. பெரிய சுழலி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வாலில் இருக்கும் சின்ன விசிறி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். மேலே ஏற இன்ஜினைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் உடலின் திமிறல் கூடும், வால் விசிறியும் அதே அளவு கூட வேண்டும். ஆரம்ப காலத்தில் இதையும் கட்டைவிரல்தான் செய்தது. ஹூயி கோப்ரா ஓட்டியவர்களின் திறமையில் பாதி வாலைக் கட்டி மேய்த்ததில் செலவானது என்றால் மிகையில்லை. பிறகு ஜைரோ வந்தது. உள்ளே ஒரு குட்டி மோட்டார் சக்கரங்களைச் சுழற்றும். வால் வெடுக்கென்று திரும்பினால் அது உணர்ந்து, ஓட்டிக்கு முன்பே எதிர்க்கட்டளை கொடுக்கும். 1980களில் அது பரவலாயிற்று. 1990களில் சுழலும் சக்கரம் போய், அதிர்வை உணரும் சிறிய பீங்கான் துணுக்கு வந்தது. அதன்பின் இங்கிலாந்தின் காலின் மில் தன் சி.எஸ்.எம். ஜைரோவில் இன்னும் ஒரு படி ஏறினார்: திரும்பும் வேகத்தை எதிர்ப்பதோடு நிற்காமல், வால் எந்தத் திசையில் இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே கொண்டுவந்து நிறுத்தும் ஜைரோ. பக்கக்காற்று அடித்தாலும் மூக்கு சொன்ன திசையிலேயே நிற்கும். நான்கு கவலையில் ஒன்று கற்றுக்குட்டியின் கையை விட்டுப் போனது அன்றுதான்.

பழைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜைரோ ஊன்றுகோல், அதைப் பிடித்து நடந்தால் கால் வலுக்காது என்ற பேச்சு எல்லா மைதானத்திலும் இருந்தது. கார்களில் கியர் தானாக மாறத் தொடங்கியபோது கேட்ட அதே புலம்பல். ஊன்றுகோலை எடுத்துக்கொண்ட இளைஞர்கள், அதே 1990களில், எந்திரத்தைத் தலைகீழாக மிதக்கவிட்டும் பின்னோக்கி வட்டமடித்தும் ‘த்ரீ-டி’ என்ற புதிய கலையையே உண்டாக்கிக் காட்டினார்கள். பெரிய ஹெலிகாப்டர் எதுவும் கனவிலும் செய்ய முடியாத வித்தைகள் அவை. புலம்பல் மெல்ல அடங்கியது.

உடைத்துப் பழகும் செலவைக் கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது. 1997இல் அமெரிக்காவில் வந்த ரியல்ஃபிளைட் போன்ற பாவனைப் பறப்பு மென்பொருள்களில், திரையில் எந்திரம் நொறுங்கினால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், மறுபடி முழுசாக நிற்கும். ஒரே இரவில் நாற்பது முறை உடைக்கலாம். மைதானத்தில் ஆசானின் ரிமோட்டையும் மாணவரின் ரிமோட்டையும் ஒரு கேபிளால் இணைப்பதும் வழக்கமாயிற்று. ஆசான் ஒரு விசையைப் பிடித்திருக்கும்வரை மாணவர் ஓட்டலாம், விசையை விட்ட கணத்தில் கட்டுப்பாடு ஆசானின் கைக்கு வந்துவிடும். ஓட்டுநர் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் பிரேக் வைப்பார்களே, அதே ஏற்பாடு.

கலையிலிருந்து பிழைப்புக்குப் போன ஒரு கிளையும் உண்டு. ஜப்பானில் வயல்கள் சிறியவை, விவசாயிகள் முதியவர்கள். அங்கே மருந்து தெளிக்க யமஹா 1987இல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தது. 20 கிலோ சுமக்கும். 1997இல் அதைவிடப் பெரிய ஆர்மேக்ஸ். நெல்வயல் வரப்பில் ரிமோட்டோடு நடந்த அந்த ஓட்டிகள், இன்றைய விவசாய ட்ரோன்களுக்கு மூத்த தலைமுறை. ட்ரோன் என்றதும் நம் ஊருக்கும் ஒரு வார்த்தை: சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழு 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றபோது, அதன் ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். ரிமோட் விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் பல வருடம் பழகிய கை என்பதுதான் அவரை அங்கே கொண்டுபோனது.

2000க்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் தூரிகையில்லாத மோட்டாரும் விளக்கெண்ணெய் வாசனையை மைதானத்திலிருந்து விரட்டின. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டைச் சுழலி வைத்த சிறிய எந்திரங்கள் வரவேற்பறையிலேயே மிதந்தன. அவற்றுக்கு வால் கவலையே கிடையாது. ஒரு சுழலியின் திமிறலை மற்றது தின்றுவிடும். பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் வான் டி ரோஸ்டைன் வடிவமைத்து, ஹாங்காங்கின் சில்வர்லிட் 2006இல் விற்ற பிக்கூ-இசட் உள்ளங்கைக்குள் அடங்கியது. தெருமுனைக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் ஹெலிகாப்டர்களின் மூதாதை அதுதான். உற்றுப் பார்த்தால் அந்தப் பொம்மையின் தலையிலும் இறக்கைக்குக் குறுக்காக ஒரு சின்னக் கம்பி சுற்றும், முனையில் எடையோடு. பாவோலிக் கொட்டகையின் கம்பி.

பெரிய எந்திரங்களில் அந்தக் கம்பி இப்போது இல்லை. கைப்பேசியில் இருப்பது போன்ற நுண் உணரிகள் மூன்று அச்சிலும் ஆட்டத்தைக் கவனித்து, நொடிக்குப் பல நூறு முறை இறக்கைகளைத் திருத்துகின்றன. யங் பன்னிரண்டு வருடம் தேடியதைத் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று செய்துவிடுகிறது. கம்பியை விரல்களில் ஏந்தி எடை பார்க்கும் வழக்கமும் அதோடு போயிற்று. இப்போது சுழலியின் தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். சில எந்திரங்களில் ‘மீட்பு’ விசை உண்டு: ஓட்டி குழம்பிப்போனால் அதைத் தட்டினால் போதும், எந்திரம் எந்த நிலையில் இருந்தாலும் நிமிர்ந்து மேலே ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் மைதானத்துப் பாடத்தின் வரிசை மாறவில்லை. முதலில் எந்திரத்தைத் தூக்குவதே இல்லை. பந்துக் கால்களோடு புல்லில் முன்னும் பின்னும் வழுக்கவிடுவது. பிறகு சின்னத் துள்ளல்கள். பிறகு அந்தப் பத்து எண்ணிக்கை. தரையை ஒட்டி மிதந்தால் பத்திரம் என்று புதியவர் நினைப்பார். அங்கேதான் சுழலியின் காற்று தரையில் மோதித் திரும்பி எந்திரத்தை உலுக்கும். தைரியம் வந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றியதும் அது அமைதியாகும். இத்தனையும் நடக்கும்போது வால் நம் பக்கம் இருக்கும், மூக்கு அந்தப் பக்கம். நாமே உள்ளே உட்கார்ந்திருப்பது போல. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. கண் மட்டும் வாலைப் பார்க்கக் கூடாது, மூக்கைப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

பிறகு ஒரு நாள் எந்திரத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். கால்வட்டம், அரைவட்டம். இப்போது மூக்கு ஓட்டியைப் பார்க்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடிமுன் உட்கார்ந்து முதல்முறை சவரம் செய்பவரின் கை மாதிரி விரல்கள் குழம்பும். எந்திரம் இடம் சாய்கிறது, வழக்கம்போல வலம் தள்ளினால் இன்னும் இடம் சாய்கிறது. சாயும் பக்கத்துக்கே குச்சியைத் தள்ளு, சரியும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொள் என்று ஆசான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். மாணவரின் ஒரு விரல் மீட்பு விசையின்மேலேயே இருக்கும். எந்திரம் இரண்டு மீட்டர் அவரை நோக்கி வரும், நிற்கும், வலப்பக்கம் நழுவும், மறுபடி நிற்கும். ஆறு, ஏழு, எட்டு என்று அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.